இடிந்த கிடங்கும் எஞ்சிய கிடங்கும்

சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் அடிக்கடி நம் செவியில் விழும் தீர்மானம் ஒன்று உண்டு. “சங்கத்தின் பழைய கிடங்கு பழுதடைந்துவிட்டபடியால் அதனை இடித்துவிட்டு, அவ்விடத்தில் புதிய கட்டடம் எழுப்ப இப்பேரவை சம்மதிக்கிறது.” ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், கைகள் உயரும், அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். இரண்டு நிமிஷங்களுக்கு மேல் ஆவதில்லை.

ஆய்வாளர் பணியில் நாம் சேர்ந்த புதிதில், அத்தகைய தீர்மானம் ஒன்றுக்கு ஆதரவாக அறிக்கை எழுதியதுண்டு. சுவரில் விரிசல், கூரையில் ஒழுக்கு, பழுது பார்க்கும் செலவு மிகுதி என்று எழுதிய காரணங்கள் யாவும் உண்மையே. கிடங்கு தரைமட்டமான பிறகு, முதிய நெசவாளர் ஒருவர் நம்மிடம் வந்தார். “ஐயா, அந்தக் கல்லை எங்கள் தகப்பனார் தலையில் சுமந்து கொடுத்தார். நீங்கள் இடிக்கச் சொன்னது சரியாகவே இருக்கட்டும். இடிக்குமுன் அதன் நீள அகலத்தையாவது எழுதி வைத்தீர்களா?” என்று கேட்டார். நாம் எழுதி வைக்கவில்லை. “இல்லை, பெரியவரே” என்று சொல்வதைத் தவிர நமக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அதனால்தான் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் 1887-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு 1930-இல் இடிக்கப்பட்ட ஒரு துணிக் கிடங்கின் வரலாற்றை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது கூட்டுறவாளர்களின் கட்டடம் அன்று. ஒரு பெருவணிகரின் கட்டடம். ஆயினும் நெய்தவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவில் நிற்கும் வியாபாரம் எப்படி எழுகிறது, எப்படி விழுகிறது என்பதை அதைப்போல் தெளிவாக எடுத்துரைக்கும் கட்டடம் வேறொன்று காண்பது அரிது.

தீயில் எழுந்த நகரம்

மார்ஷல் பீல்டு என்பவர் மாசச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் விவசாயி மகனாகப் பிறந்தவர். 1856-இல் சிக்காகோவுக்கு வந்து, மொத்தத் துணிக்கடை ஒன்றில் சிப்பந்தியாக அமர்ந்தார். மேற்கே புதிதாக உழப்பட்ட நிலங்களின் கோதுமையும் கால்நடையும் இருப்புப் பாதை வழியே சிக்காகோவில் வந்து குவிந்த காலம் அது. தானியம் விற்ற விவசாயிக்குத் துணி வேண்டும். அந்தத் துணியைக் கிராமக் கடைக்காரர் சிக்காகோவில் வாங்கியாக வேண்டும். இந்த நடுவிடத்தின் மதிப்பைப் பீல்டு விரைவில் உணர்ந்தார். சிப்பந்தி பங்காளியானார்; பங்காளி முதலாளியானார்.

1871-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 8-ஆம் தேதி மூண்ட பெருந்தீ, நகரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கிற்று. ஏறத்தாழ 17,000 கட்டடங்கள் அழிந்தன. சுமார் 300 பேர் மாண்டனர். லட்சம் பேர் வீடிழந்தனர். பீல்டின் கடையும் எரிந்தது. அவரும் அவர் கூட்டாளி லைட்டரும் டிராம் வண்டிக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, சில வாரங்களுக்குள் அதிலே வியாபாரத்தைத் தொடங்கினார்கள். 1881-இல் லைட்டர் விலகிய பின்னர் நிறுவனம் பீல்டின் பெயரால் மட்டுமே நடந்து வந்தது.

பீல்டு என்றதும் ஸ்டேட் வீதியிலிருந்த அவருடைய சில்லறைக் கடையையே பலர் நினைப்பர். ஆனால் அந்நாளில் அவருடைய செல்வத்தின் வேர் மொத்த வியாபாரத்திலேயே ஊன்றியிருந்தது. சில்லறை விற்பனையைப் போலப் பன்மடங்கு மொத்த விற்பனை நடந்தது. இங்கிலாந்தில் பருத்தித் துணியின் தலைநகரமாக விளங்கிய மான்செஸ்டரில் அவருக்குக் கொள்முதல் அலுவலகம் இருந்தது. கிராமக் கடைக்காரர்கள் பருவந்தோறும் ரயிலேறிச் சிக்காகோவுக்கு வந்து சரக்குப் பார்த்தார்கள். வர இயலாதவர்களிடம் மாதிரிப் பெட்டியுடன் விற்பனையாளர்கள் சென்றார்கள். எதை நெய்ய வேண்டும், எந்த விலைக்கு வாங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் இந்த நடுவிடமே பெரும்பாலும் தீர்மானித்தது.

அத்தகைய நடுவிடத்துக்கு ஏற்ற கட்டடம் ஒன்று வேண்டும் என்று 1885-இல் பீல்டு முடிவு செய்தார். அதற்கு அவர் அழைத்தது ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்ஸன் என்னும் சிற்பக்கலை வல்லுநரை.

கல்லில் ஒரு கணக்கு

ரிச்சர்ட்ஸன் 1838-இல் லூயிஸியானாவில் பிறந்தவர். ஹார்வர்டு கல்லூரியில் பயின்று, பின்னர்ப் பாரிஸ் நகரத்துக் கலைப் பள்ளியிலே கட்டடக் கலை கற்றுத் தேர்ந்தவர். பாஸ்டன் நகரத்து டிரினிட்டி ஆலயம் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. தெற்குப் பிரான்சின் பழைய ஆலயங்களில் காணும் அரைவட்ட வளைவுகளிலும் கனத்த கல் சுவர்களிலும் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. ஆலயங்களுக்கும் நூல் நிலையங்களுக்கும் பயன்பட்ட அந்தக் கலையைச் சரக்குக் கிடங்கு ஒன்றுக்கு எப்படிப் பொருத்துவது? இதுவே அவர் முன்னிருந்த கேள்வி.

ஆடம்ஸ், குவின்ஸி, வெல்ஸ், பிராங்க்ளின் என்னும் நான்கு வீதிகளுக்கு நடுவே ஒரு முழு மனைக்கட்டைக் கட்டடம் நிறைத்தது. நீளம் 325 அடி. அகலம் 190 அடி. உயரம் 130 அடி. அதாவது, ஒன்றரை ஏக்கருக்குச் சற்றே குறைந்த நிலத்தின் மீது ஏழு தளங்கள். அடிப்பகுதிக்கு மிசௌரி மாகாணத்துச் செங்கருங்கல். மேற்பகுதிக்கு மாசச்சூஸெட்ஸ் மாகாணத்துச் செந்நிற மணற்கல். கற்களின் முகத்தை மழமழவென்று இழைக்காமல், கரடாகவே விட்டுவிட்டார்கள்.

கோபுரம் இல்லை, தூண் வரிசை இல்லை, சிலைகள் இல்லை. மேல் விளிம்பில் சிறிது செதுக்கு வேலை தவிர, அலங்காரம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அப்படியானால் அதன் அழகு எங்கே இருந்தது? எண்ணிக்கையில் இருந்தது. அடித்தளத்துக்கு மேலே உள்ள மூன்று தளங்களையும் ஒரே அகன்ற வளைவுக்குள் அடக்கினார் ரிச்சர்ட்ஸன். அதற்கு மேல் இரண்டு தளங்களில், கீழே உள்ள ஒரு வளைவுக்கு நேராக இரண்டு சிறிய வளைவுகளை வைத்தார். உச்சித் தளத்தில் அவ்விரண்டுக்கும் நேராக நான்கு சிறு சதுர வாசற் சாளரங்கள். ஒன்று, இரண்டு, நான்கு. கரையில் இழையைப் பிரித்துப் பெட்டு எண்ணி வைக்கும் நெசவாளருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டுவதில்லை. வண்ணத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையாலேயே ஒரு சேலைக்கு அழகு தர முடியும் என்பதை அவர் அறிவார். ரிச்சர்ட்ஸன் அதையே கல்லில் செய்து காட்டினார்.

அந்த வளைவுகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. துணியின் நிறத்தையும் நெசவையும் பார்த்து வாங்குவதற்குப் பகல் வெளிச்சம் இன்றியமையாதது. மின்விளக்கு அப்பொழுதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே பெரிய சாளரங்கள் வேண்டும். சாளரம் பெரிதானால் சுவர் வலுக் குறையும். வளைவோ, தன் மேல் ஏறும் பாரத்தை இரு பக்கமும் உள்ள கனத்த தூண்சுவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நடுவே வெளிச்சத்துக்கு வழி பிறக்கிறது. உள்ளே தளங்களைத் தாங்க இரும்பும் மரமும் பயன்பட்டன; வெளிச்சுவரோ தன் பாரத்தைத் தானே தாங்கிற்று.

இந்த இடத்தில் ஒரு வேற்றுமையைக் குறிப்பிட வேண்டும். அதே சிக்காகோவில், அதே காலத்தில், வில்லியம் லெ பேரன் ஜென்னி என்பவர் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை எழுப்பினார். அதில் இரும்புச் சட்டமே பாரத்தைப் பெரும்பாலும் தாங்கிற்று. தறிச் சட்டத்தில் பாவு நிற்பதுபோலச் சுவர் அதைச் சார்ந்து நின்றது. பிற்காலத்து வானளாவும் கட்டடங்கள் அந்த வழியிலே வளர்ந்தன. ரிச்சர்ட்ஸனின் கிடங்கோ, சுமை தாங்கும் கல் சுவர் என்னும் பழைய முறையில் முதிர்ந்த கனி. ஒன்று தொடக்கம், மற்றொன்று முடிவு. காலம் இரண்டையும் ஒரே விதமாக நடத்திற்று: ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடமும் 1931-இல் இடிக்கப்பட்டது.

கட்டியவர் காணாத கட்டடம்

ரிச்சர்ட்ஸன் நெடுநாளாகச் சிறுநீரக நோயால் வருந்தியவர். 1886-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி, 47-ஆம் வயதில் அவர் காலமானார். கிடங்கு அப்பொழுது முற்றுப்பெறவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்து நீதிமன்றம், சிக்காகோவில் இந்தக் கிடங்கு ஆகிய இரண்டையும் கொண்டே தம்மை மதிப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. எஞ்சிய வேலையை அவருடைய சீடர்களான ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் ஆகியோர் முடித்தார்கள். 1887-இல் கிடங்கு திறக்கப்பட்டது.

அதைக் கண்டு நின்றவர்களுள் ஒருவர் லூயி சல்லிவன். அவர் அப்பொழுது சிக்காகோவில் ஆடிட்டோரியம் என்னும் பெருங் கட்டடத்துக்கு வரைபடம் தீட்டிக்கொண்டிருந்தார். பீல்டு கிடங்கின் எளிமை அவரை ஆட்கொண்டது. தம் வரைபடத்திலிருந்த அலங்காரங்களைக் களைந்துவிட்டு, கல்லையும் வளைவையும் நம்பிக் கட்டினார். 1889-இல் முற்றுப்பெற்ற அந்த ஆடிட்டோரியம் இன்றும் நிற்கிறது. பின்னாளில் இளம் கட்டடக் கலைஞர்களுக்காக எழுதிய உரையாடல்களிலும் சல்லிவன் இந்தக் கிடங்கைப் பெரிதும் போற்றினார். கோயிலோ அரண்மனையோ போற்றப்படுவது உலக வழக்கம். துணி மூட்டைகள் அடுக்கும் கிடங்கு ஒன்று நாட்டின் தலைசிறந்த கட்டடங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது என்றால், உழைப்புக்கும் சரக்குக்கும் உரிய இடத்தையும் மதிப்போடு கட்டலாம் என்பதற்கு அதுவே சான்றாகும்.

இவ்வளவும் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பீல்டு சரக்கின் தரத்திலும் சொன்ன சொல்லிலும் நாணயம் தவறாதவர் என்று பெயர் பெற்றவர். சிக்காகோ பல்கலைக் கழகத்துக்கு நிலம் அளித்தார். அருங்காட்சியகத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். ஆனால் தொழிற்சங்கங்களை அவர் சகிக்கவில்லை. அந்த அழகிய வளைவுகளுக்குள் நடந்த வியாபாரத்தில் நெய்தவனுக்கும் குரல் இல்லை. மூட்டை சுமந்தவனுக்கும் வாக்கு இல்லை.

ஏன் இடித்தார்கள்?

1906-இல் பீல்டு மறைந்தார். கிடங்கு மேலும் 24 ஆண்டுகள் நின்றது. அதை வீழ்த்தியது தீயன்று, நிலநடுக்கமும் அன்று. சுவரிலே பழுதும் இல்லை. பழுது வியாபாரத்தில் இருந்தது.

1872-ஆம் ஆண்டிலேயே சிக்காகோவில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் தபால் வழி வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். அவருடைய முதல் ஆதரவாளர்கள் யார் தெரியுமா? கிரேஞ்ச் என்னும் விவசாயிகள் சங்கத்தின் அங்கத்தினர்கள். இடைத்தரகரின் இலாபத்தைக் குறைக்க விரும்பிய அந்த விவசாயிகள், விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் சரக்கு வரவழைத்தார்கள். அடுத்து ஸியர்ஸ் ரோபக் நிறுவனம் அதே வழியில் பெருகி வளர்ந்தது. 1913-இல் அரசாங்கத்துத் தபால் இலாகா பார்சல் சேவையைத் தொடங்கியதும், துணி மூட்டை நேரே பண்ணை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. மோட்டார் வண்டி பெருகியதும், கிராமத்தார் தொலைவிலுள்ள நகரக் கடைக்கே போகத் தலைப்பட்டார்கள். ஒரே பெயரில் ஊர்தோறும் கிளை பரப்பிய கடைகள், மொத்த வியாபாரியை நாடாமல் ஆலையிலிருந்தே நேரடியாக வாங்கின. கிராமக் கடைக்காரர் நலிந்தார். அவரை நம்பி நின்ற மொத்தக் கிடங்கும் நலிந்தது.

பீல்டு நிறுவனத்தார் இதற்குக் கண்ட பரிகாரம் என்ன? இன்னும் பெரிய கட்டடம்! சிக்காகோ ஆற்றின் கரையில் 40 லட்சம் சதுர அடிப் பரப்புள்ள மெர்ச்சண்டைஸ் மார்ட் என்னும் மாளிகையை 1928-இல் தொடங்கி 1930-இல் திறந்தார்கள். அந்நாளில் பரப்பளவில் உலகத்திலேயே பெரிய கட்டடம் அது. மொத்த வியாபாரத்தை அதற்கு மாற்றிவிட்டு, ரிச்சர்ட்ஸனின் கிடங்கை அதே ஆண்டில் இடித்துத் தள்ளினார்கள். 43 ஆண்டுகளே வாழ்ந்த அந்தக் கல் மலை இருந்த இடம் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் வெற்று மனையாயிற்று.

புதிய மாளிகையேனும் வியாபாரத்தைக் காத்ததோ எனில், இல்லை. அதன் கதவு திறக்கும் முன்பே, 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்து பெருமந்தம் தொடங்கிவிட்டது. 1935-இல் தலைமை ஏற்ற ஜேம்ஸ் மெக்கின்ஸி மொத்த வியாபாரப் பிரிவையே மூடிவிட்டார். 1945-இல் அந்த மாளிகையை ஜோசப் கென்னடி என்னும் செல்வர் வாங்கிக்கொண்டார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தந்தை அவர். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. கட்டடத்தில் குறை இருப்பதாக எண்ணிக் கட்டடத்தை மாற்றினார்கள். குறை வேறிடத்தில் இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. பழைய கிடங்கு இருந்த மனைக்கு எதிரே, பிராங்க்ளின் வீதியின் மறுபுறத்தில், 1970-களில் 110 மாடிக் கோபுரம் ஒன்று எழுந்தது. எழுப்பியவர்கள் வேறு யாருமல்லர். மொத்த வியாபாரத்தை நலியச் செய்த அதே ஸியர்ஸ் நிறுவனத்தார். 1998 வரை உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் என்று அது பெயர் பெற்றிருந்தது. 1990-களில் ஸியர்ஸ் அதைவிட்டு வெளியேறிற்று. 2009-இல் கோபுரத்தின் பெயரும் மாறிற்று. 2018-இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் நொடிப்பு மனுக் கொடுத்தது. வென்றவனையும் தோற்றவனையும் ஒரே வீதி பார்த்துவிட்டது.

கிடங்கு இடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், ஹென்றி ரஸ்ஸல் ஹிட்ச்காக் என்னும் அறிஞர் ரிச்சர்ட்ஸனைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அதைப் படித்து மனமுருகியவர்கள் சிக்காகோ சென்று காண்பதற்குக் கிடங்கு இல்லை. புகைப்படங்களும் வரைபடங்களுமே எஞ்சின. அந்நகரில் ரிச்சர்ட்ஸன் கட்டிய கிளெஸ்னர் இல்லத்துக்கும் அதே கதி நேர இருந்தது. 1966-இல் அன்பர் சிலர் கூடிப் பணம் திரட்டி வாங்கியதனாலேயே அது இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

இன்னொரு கிடங்கு

இனி வேறொரு கிடங்கைப் பார்ப்போம். மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்னும் நெசவாளர் ஊர். அங்கே டோட் லேன் என்னும் சந்தில், கம்பளித் துணிக் கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தை, ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்கு 28 பேர் எடுத்தார்கள். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மாலை அங்கே கடை திறந்தார்கள். இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள். கூட்டுறவாளராகிய நமக்கு அந்த வரலாறு புதிதன்று. அந்தக் கிடங்குக்கு வளைவுக் கணக்கு இல்லை. பெயர் பெற்ற சிற்பி இல்லை. சாதாரணச் செங்கல் கட்டடம்.

ராச்டேல் முன்னோடிகளும் அதிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. வியாபாரம் பெருகவே, 1867-இல் அதே சந்தில் பெரிய கட்டடம் கட்டிக்கொண்டு குடிபெயர்ந்தார்கள். பழைய இடம் பிறர் கைக்குப் போயிற்று. ஆனால் பிற்காலத்துக் கூட்டுறவாளர்கள் அதை மறக்கவில்லை. மீண்டும் விலை கொடுத்து வாங்கி, பழைய நிலைமைக்குக் கொண்டுவந்து, 1931-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஆண்டைக் கவனியுங்கள். ரிச்சர்ட்ஸனின் கிடங்கு இடிந்தது 1930. ராச்டேல் கிடங்கு மீட்கப்பட்டுத் திறக்கப்பட்டது அடுத்த ஆண்டு.

கலையழகில் முன்னதற்குப் பின்னது ஈடாகாது. பின் ஏன் ஒன்று போயிற்று, மற்றொன்று நின்றது? பீல்டின் கிடங்கு நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனத்தின் பேரேட்டிலே அது ஓர் ஆஸ்தி. இலாபம் தராத நாளில் அது செலவுக் கணக்காயிற்று. அதைத் தம்முடையது என்று சொல்லி எழுந்து நிற்க யாருக்கும் உரிமை இல்லை. ராச்டேல் கிடங்கோ, வாடகைக் கட்டடமாக இருந்தும், ஆயிரக்கணக்கான அங்கத்தினர்கள் தங்களுடையது என்று எண்ணிய இடமாயிற்று. அந்த எண்ணமே அதைக் காத்தது.

நாம் செய்யத்தக்கது

எந்தக் கட்டடத்தையும் இடிக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் வியர்வை. ஒழுகும் கூரையின் கீழ் நூலையும் துணியையும் நெல்லையும் வைத்து நஷ்டப்படுவது பக்தியாகாது. ஆயினும் தீர்மானத்துக்குக் கை தூக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, பழுது கட்டடத்திலா, வியாபாரத்திலா? சரக்குத் தேங்குவதற்கும் விற்பனை குறைவதற்கும் கிடங்கு காரணமில்லையானால், புதிய கிடங்கிலும் அதே சரக்கு அப்படியே தேங்கும். மெர்ச்சண்டைஸ் மார்ட் கட்டியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே 40 லட்சம் சதுர அடி கட்டினார்கள்.

இரண்டாவது, பழுது பார்க்க ஆகும் செலவையும் புதிதாகக் கட்ட ஆகும் செலவையும் அருகருகே எழுதிப் பேரவை முன் வைத்தோமா? ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால், வரும் விடையும் ஒன்றாகவே இருக்கும்.

மூன்றாவது, இடிப்பதே முடிவானால், நீளம், அகலம், உயரம், கல்லின் வகை, கட்டிய ஆண்டு, உழைப்பும் பணமும் கொடுத்தோர் பெயர் ஆகியவற்றைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்தோமா? நான்கு பக்கமும் நின்று புகைப்படம் எடுத்தோமா? இதற்கு ஆகும் செலவு அற்பம். ஓர் அளவு நாடா, ஒரு பகற்பொழுது, எழுதத் தெரிந்த ஒருவர், இவ்வளவே. பீல்டு கிடங்கின் வரைபடமும் படமும் மிஞ்சியதனாலன்றோ, அது இடிந்து எத்தனையோ ஆண்டுகள் சென்ற பிறகும் நாம் இங்கே அமர்ந்து அதன் வளைவுகளை எண்ண முடிகிறது!

முதியவரின் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. அந்தக் கிடங்கின் அளவு இனி ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை. அதன் பிறகு நாம் எழுதும் அறிக்கைகளில், இடிப்பதற்குரிய கட்டடம் எதுவாயினும், அதன் அளவுகளை முதல் பக்கத்திலேயே எழுதி வருகிறோம். அறிக்கைப் படிவத்தில் அதற்கெனக் கட்டம் ஏதும் கிடையாது. ஓரத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. அங்கத்தினர்களும் தத்தம் சங்கங்களில் அவ்வாறே செய்வார்களாக.